முப்பது நாள் கணக்கு: விருப்பமில்லாதவரை மனநல வார்டில் சேர்க்க நேர்ந்தால்

ராத்திரி ஒன்றரை மணி. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு பயிற்சி மருத்துவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா என்றேன். "நாமினேட்டட் ரெப்ரசன்டேடிவ் நீங்கதானா?" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன். பக்கத்துப் பெஞ்சில் தம்பி செருப்பில்லாமல் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மோந்து பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தான். வீட்டுத் தண்ணீரில் எதையோ கலக்கிறோம் என்று ஒரு வாரமாகத் தெருக்குழாயில்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் இன்னொரு அட்மிஷன், மனநல மறுஆய்வு வாரியத்தில் (இந்தச் சேர்க்கைகள் சரியா என்று பார்க்கும் அமைப்பு) ஒரு விசாரணை, ஓபி வரிசையில் பழக்கமான ஏழெட்டுக் குடும்பங்களின் கதை என்று நிறையப் பார்த்தாகிவிட்டது. நான் வக்கீல் இல்லை. ஆனால் இதில் புதிதாக மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் முதல் வாரத்தில் என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று சொல்ல முடியும்.

இந்தியாவில் இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்கு முன்னால் 1987 சட்டம், அதற்கும் முன்னால் 1912இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். பழைய சட்டங்களில் குடும்பமும் மாஜிஸ்திரேட்டும் டாக்டரும் பேசி முடித்துவிடலாம். புதுச் சட்டம் நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. இது மண்டையில் ஏற எனக்கே இரண்டு வருஷம் ஆனது.

இன்னொன்று. 'கட்டாயச் சேர்க்கை' என்று இந்தச் சட்டம் சொல்வதில்லை. 'ஆதரவுடன் கூடிய சேர்க்கை' என்கிறது. பெயர் இதமாக இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பூட்டு பூட்டுதான்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

எங்கள் மாமா சொன்ன யோசனை: "நாலு பேரு சேந்து கையக் காலக் கட்டி வேன்ல போட்டுருவோம்." அம்மாவும் தலையை ஆட்டிவிட்டார். வேறு வழி தெரியாத வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். அவர்களையும் யாரோ ஒரு மாமாவும் அம்மாவும் நல்லதை நினைத்துத்தான் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95ஆம் பிரிவு இப்போது தடை போட்டிருக்கிறது.

மாமா கையில் கயிறு எடுப்பதற்குள் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் நேரே 108.

அவசர நிலைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, 94. உயிர் போகும் ஆபத்து, உடம்புக்குத் திரும்பச் சரியாகாத கேடு, தன்னையோ பிறரையோ கடுமையாகக் காயப்படுத்துவது, நோயினால் சொத்துக்குப் பெரிய சேதம் விளைவிப்பது, இவற்றைத் தடுக்க உடனே சிகிச்சை தேவை என்றால், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் தரலாம். மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்திலிருக்கும் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதும் இந்த அவசரச் சிகிச்சையில் அடங்கும். நியமனப் பிரதிநிதி (அந்தப் பயிற்சி மருத்துவர் கேட்ட 'நாமினேட்டட் ரெப்ரசன்டேடிவ்', நோயாளிக்குத் துணை நிற்பவர்) கூட இருந்தால் அவருடைய ஒப்புதல் வேண்டும். அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குள் மனநல மருத்துவமனையில் பரிசோதனை நடந்துவிட்டால் அதோடு முடிந்தது. இந்த அவசரத்தைச் சாக்காக வைத்து ஷாக் ட்ரீட்மெண்ட் கொடுக்கக் கூடாது.

கிளம்பும்போது பழைய மருந்துச் சீட்டுகள், ஆதார், மாற்றுத்துணி எல்லாம் எடுப்பீர்கள். கூடவே ஒரு தாளில் கடந்த இரண்டு வாரம் நடந்ததைத் தேதி போட்டு எழுதி எடுத்துப் போங்கள். "ரொம்ப முரண்டு பண்றான் டாக்டர்" என்பதால் ஒன்றும் நகராது. "செவ்வாய் ராத்திரி கிணற்று மதில்மேல் ஏறி நின்றான், வியாழன் அம்மாவை நோக்கி அரிவாள்மனையை ஓங்கினான்" என்று இருந்தால் டாக்டர் பேனாவை எடுப்பார். ஏன் என்று கீழே வரும்.

அப்புறம், எங்கே போகிறோம் என்று நோயாளியிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாங்கள் 'குலதெய்வம் கோயிலுக்கு' என்று சொல்லித்தான் தம்பியைக் காரில் ஏற்றினோம். அந்தப் பொய்யை அவன் இன்றுவரை மறக்கவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் இப்போதும் வரமாட்டான்.

யார் கையெழுத்துப் போடுவது

அந்த நியமனப் பிரதிநிதி விஷயம். வயது வந்த யாரும், மனநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வெள்ளைத்தாளில் "எனக்கு இன்னார் பிரதிநிதி" என்று எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அந்த இன்னாரும் 18 வயது முடிந்தவராக, எழுத்தில் சம்மதித்தவராக இருக்க வேண்டும். சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

யாரையும் எழுதி வைக்கவில்லை என்றால் சட்டமே வரிசை வைத்திருக்கிறது. ரத்தத்தாலோ கல்யாணத்தாலோ தத்தினாலோ வந்த உறவினர் முதலில். அடுத்து, உறவாக இல்லாவிட்டாலும் கூட இருந்து பார்த்துக்கொள்பவர். அப்படியும் இல்லை என்றால் வாரியம் நியமிக்கும் ஒருவர்.

பிரதிநிதியாக இருப்பதால் நாட்டாமை ஆகிவிடுவதில்லை. நோயாளி என்ன நினைக்கிறார், முன்பு என்ன விரும்பினார் என்பதைப் பார்த்து அவருக்கு முடிவெடுக்கத் துணை நிற்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்: "எந்தப் பிரிவில் அட்மிஷன் போட்டிருக்கீங்க?" இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கும் பிரதிநிதிக்கும் 22ஆம் பிரிவில் இருக்கிறது. வாரியத்துக்கு மனு போடலாம் என்பதையும் மருத்துவமனையே சொல்லியாக வேண்டும், அதுவும் நோயாளிக்குப் புரியும் மொழியில்.

பதில் 86 என்றால் அவர் தானே சம்மதித்துச் சேர்ந்தவர். குடும்பத்தின் கையெழுத்து தேவையில்லை. அவர் போகிறேன் என்றால் விட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு, ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால் பரிசோதனைக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் 89க்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும்.

பதில் 89 என்றால் அதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் சேர்க்கை. இதற்குப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். அட்மிஷன் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளிலோ இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். இன்னொருவர் மனநலத் துறை வல்லுநராகவோ வேறு மருத்துவராகவோ இருக்கலாம். நோயின் கடுமையால் இவர் சமீபத்தில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றார் அல்லது மிரட்டினார். இல்லையென்றால் பிறரிடம் வன்முறை காட்டினார், பயப்பட வைத்தார். இல்லையென்றால் தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைக் கவனிக்க முடியாமல் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறது என்று இருவரும் தனித்தனியே முடிவுக்கு வர வேண்டும். நான் சொன்ன தேதி போட்ட தாள் இங்கேதான் உதவும். எங்கள் டாக்டர் அதை வாங்கி கேஸ் ஷீட்டோடு பின் போட்டுவிட்டார்.

அது மட்டும் போதாது. இதைவிடக் கெடுபிடி குறைந்த வழி வேறில்லை என்று இருக்க வேண்டும். அவரால் தானாக முடிவெடுக்க முடியவில்லை என்றும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் திறனை 4ஆம் பிரிவு மூன்று கேள்வியில் வைக்கிறது: சொல்வது புரிகிறதா, செய்தால் என்ன ஆகும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ சொல்ல முடிகிறதா. நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கிறார் என்பதால் திறன் இல்லை என்று ஆகாது. வேறு சாதியில் காதலிக்கிறான், சொத்தை எழுதித் தர மறுக்கிறாள், சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டான், இதெல்லாம் மனநோய்க்கு அடையாளம் ஆகாது. சமூகம், மதம், வேலை, அரசியல் இவற்றின் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று 3ஆம் பிரிவே சொல்கிறது. முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பதும் தனியாகக் காரணமாகாது.

நாளை எண்ணுங்கள்

எங்கள் வீட்டு தினசரி காலண்டரில் அட்மிஷன் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அங்கிருந்து எண்ணினேன்.

3ஆம் நாள்: சேர்க்கப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் அதற்குள் மருத்துவமனை மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 7ஆம் நாள்: மற்றவர்களுக்கு அதே கெடு. அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை அவருடைய முடிவெடுக்கும் திறனை மறுபடி பார்க்க வேண்டும். திறன் திரும்பிவிட்டால் இந்தப் பிரிவில் வைத்திருக்க முடியாது. அவரே விரும்பினால் 86இன் கீழ் தொடரலாம்.

30ஆம் நாளோடு 89 முடிகிறது. டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் மறுபடி 89இல் சேர்க்க முடியாது, 90ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அனுப்பி அனுப்பிப் புதுக் கணக்கு தொடங்கும் வேலையைத் தடுக்கத்தான் இது.

90க்குக் கெடுபிடி கூடுதல். இரண்டு பேருமே மனநல மருத்துவர்களாக இருக்க வேண்டும், ஆபத்து தொடர்ந்து இருந்துவருகிறது என்று சொல்ல வேண்டும், ஏழு நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாரியம் 21 நாளுக்குள் சரி என்றோ அனுப்பிவிடு என்றோ உத்தரவிட வேண்டும். முதலில் 90 நாள் வரை, அடுத்தது 120, அப்புறம் ஒவ்வொரு முறையும் 180. திறன் பரிசோதனை இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வீட்டில் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்பது மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் காரணமாகாது என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இத்தனை பழைய மருத்துவமனைகள் உள்ள நாட்டில் அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

18 வயது ஆகாதவர்களுக்கு 87ஆம் பிரிவு. பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது, பிரதிநிதியோ அவர் நியமித்த உதவியாளரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பவரின் உரிமைகள்

மொட்டை அடிக்கக் கூடாது. சொந்தத் துணி வேண்டும் என்றால் சொந்தத் துணிதான், யூனிபார்ம் கட்டாயமில்லை. வேலை வாங்கக் கூடாது. அவர் விரும்பிச் செய்தால் கூலி உண்டு. பெண்களுக்கு நாப்கின் தர வேண்டும். போன் பேசலாம், பார்க்க வருபவரை வேண்டாம் என்றும் சொல்லலாம். முதல் அட்மிஷனில் தம்பி ஒன்பது நாள் என்னைப் பார்க்க மறுத்தான். கீழே மரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தேன். கோபமாக இருந்தது. ஆனால் அது அவன் உரிமை. வக்கீல், நீதிபதி, வாரிய உறுப்பினர், பிரதிநிதி இவர்களோடு தொடர்புகொள்வதை மருத்துவமனை தடுக்கவே முடியாது.

தனி அறையில் அடைப்பது தடை. கட்டிப்போடுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்து, கேஸ் ஷீட்டில் எழுதி, தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் நீளாமல். 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக் கூடாது. ஷாக் ட்ரீட்மெண்ட் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. முறையாகக் கொடுத்தால் அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை.

மருத்துவப் பதிவேட்டின் நகலை அவர் கேட்டு வாங்கலாம். இலவசச் சட்ட உதவியும் உண்டு, 15100க்கு அழைக்கலாம்.

போலீஸ், மாஜிஸ்திரேட்

தெருவில் ஆதரவின்றி, தன்னைக் கவனிக்க முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸின் கடமை, பிரிவு 100. எந்தக் காரணத்தால் என்று சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒருவரைப் பூட்டி வைத்து, சோறு போடாமல், அடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் போலீஸுக்குச் சொல்லலாம். அங்கிருந்து மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். பரிசோதனைக்காக அவர் அதிகபட்சம் 10 நாள் மருத்துவமனையில் வைக்க உத்தரவிடலாம்.

'வண்டி அனுப்புறோம்' என்பவர்கள்

முதல் அட்மிஷனுக்கு முன்னால் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்துக்கு மாமா போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "ஆளு எத்தனை கிலோ இருப்பாரு?" நோய் என்ன, மருந்து என்ன என்று ஒரு கேள்வி இல்லை. எத்தனை பேரை அனுப்புவது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

குடி, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்த இல்லமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். ராத்திரி வேனில் வந்து அள்ளிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஏற்கெனவே யாரையாவது அப்படி அடைத்து வைத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். சட்டத்தை மீறுபவர்களுக்கு முதல்முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வாரியத்துக்கு மனு

மறுஆய்வு வாரியத்தின் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர், அல்லது ஓய்வுபெற்றவர். கலெக்டரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் இருப்பார்கள். மனநோயை அனுபவித்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், இவர்களுக்கான அமைப்பினர் என்ற வகையிலிருந்து இருவர். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நோயாளியோ பிரதிநிதியோ, நோயாளியின் சம்மதத்தோடு ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ போடலாம். 89ஐ எதிர்த்த மனுவை ஏழு நாளில் முடிக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம்.

இரண்டாவது அட்மிஷனின் 19ஆம் நாள் தம்பி நர்ஸம்மாவிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினான். "எனக்கு இப்போது தூக்கம் வருகிறது. சத்தம் கேட்பது குறைந்துவிட்டது. என் அக்கா பயப்படுகிறாள் என்பதற்காக நான் இங்கே இருக்க முடியாது." ஆறாம் நாள் விசாரணை. ஒரு நீளமான மேசை, கிர்ரென்று ஓடும் மின்விசிறி, அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் என் தேதி போட்ட தாளை எடுத்தேன். தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதெல்லாம் போன மாசம்மா. இந்த வாரம்?" என்றார். என்னிடம் இந்த வாரத்துக்கு ஒன்றும் இல்லை. முடிவெடுக்கும் திறன் வந்துவிட்டது, இனி இவர் இருப்பதும் போவதும் இவர் இஷ்டம் என்று எழுதினார்கள். அவனே கையெழுத்துப் போட்டு இன்னும் ஐந்து நாள் இருந்துவிட்டுத்தான் வந்தான்.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம்

டிஸ்சார்ஜ் என்பதே ஒரு திட்டத்தோடு நடக்க வேண்டும், 98ஆம் பிரிவு. அடுத்த ஓபி எப்போது, மருந்து எங்கே கிடைக்கும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நோயாளியோடும் உங்களோடும் பேசி எழுத வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மருந்து வாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாசாமாசம் பஸ் செலவு மிச்சம்.

அவர் தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன்கூட்டிய அறிவுறுத்தல், பிரிவு 5. நாளைக்கு என்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டவே வேண்டாம், யார் என் பிரதிநிதி என்று வயது வந்த யாரும் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. மற்றபடி மருத்துவரோ குடும்பமோ இதன்படி நடக்க மாட்டோம் என்றால் வாரியத்தில் போய்க் கேட்டாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

தம்பி தன்னுடையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எழுதினான். தூக்கம் இரண்டு ராத்திரி கெட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். வாய் கோணவைத்த அந்தப் பழைய ஊசி வேண்டாம். எங்கே போகிறோம் என்று பொய் சொல்லக் கூடாது. வார்டில் ரேடியோ வேண்டும். பிரதிநிதி என்ற இடத்தில் தன்னோடு ஐடிஐ படித்த நண்பன் பெயரை எழுதியிருந்தான். தாளை என்னிடம் நீட்டி, "சாட்சிக் கையெழுத்து நீ போடுக்கா" என்றான். போட்டேன்.